வாசிக்காமல் விட்ட பக்கம்

சங்கரன்கோவில்
14.6.2002

அன்புள்ள மாயம்மாள் அக்காவுக்கு, தம்பி சங்கரலிங்கம் எழுதுவது.

நானும் ஜெயலக்ஷ்மியும் பிள்ளைகளும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மழை தொடங்கியிருக்குமே, உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? இதைப் படித்துச் சொல்லும் செல்லப்பா அண்ணாச்சிக்கு என் வணக்கம். பக்கத்து வீட்டில் அவர் இருக்கும் தைரியத்தில்தான் குடும்ப விஷயத்தைத் தபாலில் எழுதுகிறேன். எனக்கோ பத்திரம் எழுதிப் பழகிய கை. நான்கெல்லை சொல்லாமல் எதையும் தொடங்க வராது, பொறுத்துக்கொள்.

நம் தங்கச்சி வீரலட்சுமி போய் நாலு மாதம். அவள் புருஷன் போய் இரண்டு வருஷம். போர்வெல் வண்டியோடு வடக்கே சுற்றியவன் கொண்டுவந்த வியாதி என்று ஊர் பேசித் தீர்த்துவிட்டது. அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவள் பிள்ளைகளில் ரோஜாவை நீ கூட்டிக்கொண்டு போனாய், நல்லது. தங்கதுரையை என்னோடு வைத்துக்கொள்ள எனக்கு மனம் இருந்தது, வீட்டில் இடம் இல்லை. இடம் என்று நான் சொல்வது அறையை அல்ல என்பது உனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை அவனைத் திருமங்கலம் தாண்டி ஒரு இல்லத்தில் சேர்த்தேன். இருநூறு பிள்ளைகள். காலையில் இட்லி, வாரத்துக்கு இரண்டு முட்டை, ஆங்கிலத்துக்குத் தனி வாத்தியார். வார்டன் அழகர் கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகள் அவரைப் பார்த்து ஓடவில்லை. சொந்தக்காரர் வீட்டில் ஓரமாக வளர்வதை விட இது மேல் என்று எனக்குப் படுகிறது. நீ வேறு மாதிரி நினைப்பாய்.

நான் கிளம்பியபோது அவன் அழவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை அழாதது எனக்கு என்னவோ போல் இருந்தது. ரோஜா எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா, உடம்பு தேறியிருக்கிறதா என்று விவரமாக எழுதச் சொல்.

தம்பி,
சங்கரலிங்கம்


மட்டாஞ்சேரி
2.7.2002

தம்பி சங்கரலிங்கத்துக்கு அக்கா மாயம்மாள் சொல்லி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நீயும் ஜெயலக்ஷ்மியும் பிள்ளைகளும் சுகம் என்று கேட்டதில் நிம்மதி. என் முட்டுவலி கார்ப்பரேஷன் மேஸ்திரி மாதிரி, மழை வந்ததும் அதுவும் சொல்லாமல் வந்து நிற்கும். பஜார் ரோட்டில் சாக்கடை ஓடை அடைத்து மிளகு கோடவுன் வாசல் வரைக்கும் தண்ணீர். சுக்குத் தூசியும் ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகிவிடுகிறது. நாங்கள் கார்ப்பரேஷன் ஆட்கள் ஆறு பேர் கம்பி விட்டுக் குத்தி மூன்று நாளில் திறந்துவிட்டோம்.

ரோஜாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. மலையாளம் தெரியாததால் ஏழில் இருக்க வேண்டியவளை ஐந்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் அவள்தான் உயரம். பிள்ளைகள் பாண்டி என்று கேலி பண்ணுகிறார்களாம். அஞ்சு என்று ஒரு பெண் மட்டும் பக்கத்தில் உட்கார விடுகிறாள். ஒருத்தி போதும். கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிடப் பழகிவிட்டாள். முடி கொட்டுவது நின்றிருக்கிறது.

தங்கதுரை அழவில்லை என்று எழுதியிருந்தாய். நம் அப்பா செத்தபோது நீயும் அழவில்லை, ஒரு வாரம் கழித்துக் கோழி செத்ததற்கு அழுதாய். அவன் அழும்போது பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

செல்லப்பா அண்ணாச்சியைப் பார்க்கும்போது உன் வணக்கத்தைச் சொல்கிறேன்.

உன் அக்கா,
மாயம்மாள்


மட்டாஞ்சேரி
2.7.2002

தம்பி தங்கதுரைக்கு அக்கா ரோஜா.

சளி இல்லாமல் இருக்கிறாயா? காது வலி திரும்ப வந்ததா? எனக்கு ஒன்றும் இல்லை. பெரியம்மா மாமாவுக்குக் கடிதம் சொன்னாள், நான் எழுதினேன். தாள் மிச்சம் இருந்தது, அதனால் உனக்கும்.

ஒரு விஷயம் சொல்கிறேன். செல்லப்பா தாத்தா போன மாதமே வைட்டிலாவுக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். இப்போது கடிதம் படிப்பதும் எழுதுவதும் நான்தான். கவர் ஒட்டித் தபாலில் போடுவது மட்டும் பெரியம்மா. மாமாவுக்கு இது தெரியாது. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்டி. பன்னெண்டு வயசுப் பிள்ளை கையில வீட்டு விஷயத்தைக் குடுத்திட்டியான்னு குதிப்பான். அண்ணாச்சி படிக்காருன்னே இருக்கட்டும்" என்றாள்.

இங்கே பள்ளிக்கூடம் போகிற வழியில் தெரு முழுக்க ஆடு. யாரும் கட்டி வைப்பதில்லை. சுக்கு வாசனை வந்துகொண்டே இருக்கும், இரண்டு நாளில் மூக்குக்குப் பழகிவிட்டது. வீட்டில் ஒரு அறை, ஒரு அடுப்பங்கரை. நானும் பெரியம்மாவும் ஒரே பாயில். அவள் குறட்டை விடுகிறாள். நீ இருந்தால் சுவர்ப் பக்கம் உனக்கு இடம் இருக்கிறது. நான் அளந்து பார்த்தேன்.

உங்கள் இல்லத்தில் என்ன என்று எழுது.

அக்கா,
ரோஜா


28.7.2002

அன்புள்ள ................ அவர்களுக்கு,

நான் இங்கு மிகவும் நலமாக இருக்கிறேன். உணவு சுவையாக உள்ளது. ஆசிரியர்கள் அன்பாகப் பாடம் நடத்துகிறார்கள். நான் தினமும் பிரார்த்தனை செய்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
................ (பெயரை எழுதவும்)

அக்கா, மேலே இருப்பது போர்டில் எழுதிப் போட்டது. மாதக் கடைசி ஞாயிறு எல்லாரும் அதைப் பார்த்து எழுத வேண்டும். அதுக்குக் கீழே இடம் இருந்தால் நாமளே எழுதலாம். நான் பொடி எழுத்தா எழுதி இடம் மிச்சம் பிடிச்சேன்.

காது வலி இல்லை. காய்ச்சல் வந்தது, போயிட்டுது. புதுசா வந்த எல்லாருக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதுக்கு அப்புறம் என் தட்டிலும் டம்ளரிலும் பெயிண்டில் என் பேர் எழுதிக் கொடுத்தார்கள். வேற யார் தட்டிலும் பேர் இல்லை. எனக்குத் தனிக் கட்டிலும் கொடுத்திருக்காங்க, ஸ்டோர் ரூம் பக்கத்தில். பெரிய பையன்களுக்குக்கூடக் கிடையாது.

ஒரு அக்கா வந்து அட்டை காட்டினாங்க. அட்டையில் அஞ்சு மூஞ்சி. ஒண்ணு நல்லாச் சிரிக்கும், கடைசி மூஞ்சி அழும். நீ எப்படி இருக்கியோ அதைத் தொடுன்னாங்க. எல்லாரும் சிரிக்கிறதைத் தொட்டார்கள், நானும் தொட்டேன். அப்புறம் இன்னொரு தடவை தொடலாமான்னு கேட்டேன். ஒரு தடவைதான்னு சொல்லிட்டாங்க.

தங்கதுரை


சங்கரன்கோவில்
20.8.2002

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயலக்ஷ்மிக்கு இரத்தக் கொதிப்பு கொஞ்சம் கூடுதல். மற்றபடி எல்லோரும் சுகம். முட்டுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறாயா? செல்லப்பா அண்ணாச்சிக்கு வணக்கம். அண்ணாச்சி, முதல் தாளை அக்காவிடம் சாதாரணமாகப் படித்துவிடுங்கள். இரண்டாம் தாளை வீட்டில் பிள்ளை இல்லாத நேரம் பார்த்துப் படித்துச் சொல்லி, உடனே கிழித்துப் போட்டுவிடவும்.

என் மூத்தவள் காமாக்ஷிக்கு வரன் அமைகிறது. தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. நல்ல மனிதர்கள், கொஞ்சம் விசாரிக்கிற மனிதர்கள். தங்கதுரைக்குப் போன மாதம் காய்ச்சல் வந்து தேறிவிட்டான். இங்கே மழை இல்லை.

இரண்டாம் தாள்.

அக்கா, இல்லத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பையனுக்கு அது இருக்கிறது. தாயிடமிருந்து பிறக்கும்போதே வந்ததாம். வார்டன் என்னைக் கூப்பிட்டு, இந்த மாதிரிப் பிள்ளையைப் பார்க்க எங்களுக்கு வசதி இல்லை, வருஷக் கடைசிக்குள் வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கல்யாணம் பேசுகிற வீடு. என்னைத் திட்டிக்கொள்.

சென்னைப் பக்கம் இப்படிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். அதனால் நீ ரோஜாவுக்கும் ரத்தம் பார்த்து எழுத வேண்டும். அவளுக்கும் இருந்தால் இரண்டு பேரையும் அங்கே ஒன்றாகச் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் பையனை மட்டும் அனுப்பிவிட்டு, அவள் அவனிடம் போக்குவரத்து இல்லாமல் இருப்பது நல்லது. ஒன்றாவது மிஞ்சட்டும். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிள்ளைகள் காதில் இது விழவே கூடாது.

சங்கரலிங்கம்


மட்டாஞ்சேரி
1.9.2002

தம்பி சங்கரலிங்கத்துக்கு அக்கா மாயம்மாள் சொல்லி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. ஜெயலக்ஷ்மியை உப்பைக் குறைக்கச் சொல். நான் எண்ணெய் தேய்க்கிறேன். காமாக்ஷிக்கு வரன் வருவது சந்தோஷம். விசாரிக்கிறவர்கள் விசாரிக்கட்டும், நம் பிள்ளையைப் பற்றி யார் என்ன சொல்லிவிட முடியும்?

தங்கதுரைக்குக் காய்ச்சல் வந்து, இப்போது நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். சுக்கும் மிளகும் தட்டிக் கருப்பட்டி போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல். இங்கே கிடைக்கிற சுக்கு நல்ல சுக்கு, தீபாவளிக்கு யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

ரோஜா கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். இரண்டு வகுப்புக் கீழே உட்கார வைத்தால் வராமல் என்ன செய்வாள் என்று நான் சொன்னேன், முகம் சின்னதாகப் போய்விட்டது. பிறகு பழம்பொரி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணினேன்.

தங்கதுரையை இங்கே கொண்டுவந்து விட்டுவிடு. அவனை நானே வைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
மாயம்மாள்


மட்டாஞ்சேரி
1.9.2002

தம்பி தங்கதுரைக்கு,

காய்ச்சல் திரும்ப வந்தால் உடனே சொல்லிவிடு, மறைக்காதே. நான் சுகம்.

மாமா எழுதிய கடிதத்தில் இரண்டாவது தாளை நான் பெரியம்மாவுக்கு வாசிக்கவில்லை. உனக்குச் சளி என்று நானாகச் சொல்லிவிட்டேன். கிழித்துப் போடச் சொல்லியிருந்தது. கிழித்தால் தாள் எங்கே என்று கேட்பாள். அதனால் எப்போதும் போல் பிஸ்கட் டப்பாவில் வைத்துவிட்டேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே.

அம்மாவுக்கு இருந்தது உன் ரத்தத்திலும் இருக்கிறதாம். அதற்காகத்தான் தட்டில் பேர். பெரிய பையன்களுக்கு இல்லாதது உனக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்படாதே. பயப்படவும் செய்யாதே. அம்மா இரண்டு வருஷம் நம்மோடு ஒரே தட்டில்தான் சாப்பிட்டாள்.

எனக்கும் இருக்கிறதா என்று தெரியாது. இருந்தால் நம் இரண்டு பேரையும் சென்னைப் பக்கம் ஒரே இடத்தில் சேர்ப்பார்களாம். இல்லாவிட்டால் நான் உன்னைப் பார்க்கவே கூடாதாம். அதனால் சாமி கும்பிடும்போது என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்கிறேன்.

மாமாவுக்குப் போகிற கடிதத்தில் பெரியம்மா சொல்லாத இரண்டு வரி எழுதிவிட்டேன். உன்னை இங்கே கொண்டுவந்து விடச் சொல்லி. தப்புத்தான். நீ வந்து நின்றுவிட்டால் பெரியம்மா போ என்று சொல்ல மாட்டாள். அவள் ஆட்டைக்கூட அடித்து விரட்ட மாட்டாள்.

அக்கா,
ரோஜா


12.9.2002

திரு. சங்கரலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இல்லத்தார் நலமென நம்புகிறேன். சிறுவன் தங்கதுரை தற்போது காய்ச்சலின்றி இருக்கிறான், எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது.

இங்கே பிள்ளைகளுக்கு வரும் கடிதங்களைப் போன மாதம் முதல் படித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். அவனுடைய அக்கா எழுதிய கடிதம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பையனிடம் கொடுக்கவில்லை. நீங்கள் உங்கள் தமக்கைக்கு எழுதுவதைப் படிப்பவர் பெரியவர் யாரோ என்று என்னிடம் சொல்லியிருந்தீர்கள். படிப்பது அந்தப் பெண்தான்.

இன்னொன்று. தட்டில் பெயர் எழுதியது என் யோசனை. சமையல்காரர்கள் வேலையை விட்டுப் போய்விடுவோம் என்றார்கள், அதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. பையன் அதைப் பரிசு என்று நினைத்திருந்தது எனக்குத் தெரியாது. டிசம்பர் 31 வரை அவன் இங்கே இருக்கலாம். அதற்குப் பிறகு நிர்வாகம் என் பேச்சைக் கேட்காது.

அழகர்
விடுதிக் காப்பாளர்


மட்டாஞ்சேரி
28.10.2002

தம்பி சங்கரலிங்கத்துக்கு அக்கா மாயம்மாள் சொல்லி எழுதுவது.

அடுத்த திங்கட்கிழமை தீபாவளி. உனக்கும் ஜெயலக்ஷ்மிக்கும் பிள்ளைகளுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. தபால்காரர் ரதீஷ் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டுகிறார்.

போன கடிதத்தில் எழுதியிருந்ததற்குப் பதில் போடு. கஷாயத்துக்கு மட்டும் இல்லை. எழுதியிருந்தது எல்லாவற்றுக்கும்.

மழை விட்டுவிட்டது. ரோஜாவுக்கு மலையாளம் நன்றாக வாசிக்க வருகிறது. மேஸ்திரி கொண்டுவந்த நோட்டீஸை அவள்தான் எங்கள் எல்லோருக்கும் படித்துச் சொன்னாள். ஒரு வரி விடாமல் படித்தாள்.

உன் அக்கா,
மாயம்மாள்


சங்கரன்கோவில்
9.12.2002

ரோஜாவுக்கு மாமா எழுதுவது.

நீ நன்றாக இருக்கிறாயா? பெரியம்மாவின் முட்டுக்கு எப்படி இருக்கிறது? முதல் தடவையாக உன் பேருக்கு எழுதுகிறேன். இதற்கு முன் எழுதியதெல்லாம் உன் கைக்குத்தான் வந்திருக்கிறது என்று செப்டம்பரில் தெரிந்தது. வார்டன் நீ தம்பிக்கு எழுதியதை எனக்கு அனுப்பிவிட்டார். தம்பி அதைப் படிக்கவில்லை.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். யார் முன்னால் சொல்லக் கூடாது என்று எழுதினேனோ, அவளையே வாசிக்க வைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாக ஊராருக்குப் பத்திரம் எழுதுகிறேன், ஒரு பிழை கிடையாது. சொந்தப் பிள்ளைக்குப் பிழை செய்துவிட்டேன். ஒன்றாவது மிஞ்சட்டும் என்று எழுதிய அந்த வரியை நீ எப்படிப் படித்தாயோ. வெட்கமாக இருக்கிறது, அம்மா.

இனி இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் பெரியம்மாவுக்கு வாசி. ஆகஸ்டில் எழுதிய இரண்டாம் தாளையும் எடுத்து வாசி.

அக்கா, பையனுக்கு வருஷக் கடைசி வரைதான் கெடு. சென்னை இடத்தில் சரி என்று சொல்லிவிட்டார்கள். பையனை என்னிடம் கொண்டுவந்து விடு என்று உன் பேரில் இரண்டு வரி வந்தது. அது ரோஜா எழுதியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஆசையை வைத்து நான் ஒரு பையனை முந்நூறு கிலோமீட்டர் கொண்டுவர முடியாது. ஒரே அறை. நீ விடியுமுன் வேலைக்குப் போகிறவள். அக்கம்பக்கத்தில் தெரிந்தால் என்ன செய்வாய்? உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நீ சொன்னதாக இனி எது வந்தாலும், நீதான் சொன்னாய் என்று நான் எப்படி நம்புவது? தொழில் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

சங்கரலிங்கம்


மட்டாஞ்சேரி
17.12.2002

தம்பி சங்கரலிங்கத்துக்கு அக்கா மாயம்மாள் சொல்ல, ரோஜா எழுதுவது.

உன் கடிதத்தைப் பிள்ளை முழுசாக வாசித்தாள். நடுவில் இரண்டு தடவை நின்றாள், ஆனால் விடவில்லை. பிறகு டப்பாவைத் திறந்து அந்த இரண்டாம் தாளையும் வாசித்தாள். நான் சாயாவைக் குடித்துக்கொண்டே கேட்டேன். எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, தம்பி.

ஆகஸ்டில் வந்த கவரில் இரண்டு தாள் இருந்ததை நான் பார்த்தேன். ரோஜா வாசித்தது சாயா ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குப் படிக்கத் தெரியாது, தாள் எண்ணத் தெரியும். மறுநாள் வேலை முடிந்ததும் டப்பாவிலிருந்து அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வைட்டிலாவுக்குப் பஸ் ஏறினேன். செல்லப்பா அண்ணாச்சி வாசித்தார். வாசித்துவிட்டு, "மாயம்மா, இதை அந்தப் பிள்ளையா வாசிச்சுது?" என்று கேட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நீ சொன்ன வணக்கத்தை அப்போதுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டால் அவள் பயந்துவிடுவாள். தன்னை அனுப்பிவிடுவேன் என்று நினைத்துத்தானே மறைத்தாள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. அவள் மேல் இல்லை.

பதில் எழுதினாளே, செப்டம்பரில். கவரை ஒட்டாமல்தான் என்னிடம் கொடுப்பாள், ஒட்டுவது என் வேலை. நான் ஒட்டவில்லை. திரும்பவும் வைட்டிலா. அண்ணாச்சி வாசித்தார். நான் சொன்னதெல்லாம் இருந்தது, கடைசியில் நான் சொல்லாத இரண்டு வரியும் இருந்தது. "அடிச்சிறட்டுமா?" என்று பேனாவை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அங்கேயே சோற்றுப் பருக்கை வாங்கி ஒட்டி, வைட்டிலா ஜங்ஷன் பெட்டியில் நானே போட்டேன். தம்பிக்கு அவள் எழுதியதை மட்டும் வாசிக்கச் சொல்லவில்லை. அது அவர்கள் இரண்டு பேர் விஷயம்.

அந்த வரி ரோஜா எழுதியது என்றுதானே நீ சும்மா இருந்தாய்? எழுதியது அவள். போட்டது நான்.

(மாமா, இந்த இடத்தில் எனக்கு எழுத முடியவில்லை. பெரியம்மா எழுந்து போய் எனக்கும் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். இப்போது எழுதுகிறேன். ரோஜா.)

ரோஜாவுக்கு ரத்தம் பார்க்கச் சொன்னாய். இங்கே வந்த முதல் மாதமே பார்த்தாயிற்று. மஞ்சள்காமாலைக்கு என்று சொல்லிக் கூட்டிப் போனேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் பிறந்தபோது வீரலட்சுமிக்கு வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நல்ல செய்திதான், ஆனால் எதற்குப் பார்த்தாய் என்று கேட்டால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவளுக்குத் தெரியும் என்று ஆகஸ்டில்தான் எனக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. பத்து மாதமாக இந்தப் பிள்ளை தனக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். நீ ஒரு பிழை என்றால் நான் ஒரு பிழை.

அந்த டாக்டரிடம் மறுபடி போனேன். அஞ்சுவின் அம்மா மஞ்சுஷா அங்கே நர்ஸ், அவள் உள்ளே கூட்டிப் போனாள். சேர்ந்து சாப்பிட்டால் வராது, சேர்ந்து படுத்தால் வராது. காயம் பட்டால் ரத்தத்தை வெறும் கையால் தொடக் கூடாது. இருமல் விடாமல் இருந்தால் உடனே கொண்டுவர வேண்டும். மாதா மாதம் காட்ட வேண்டும், மருந்து எப்போது என்று பார்த்துச் சொல்வார். அவ்வளவு காலம் இருப்பானா என்று கேட்டேன். தெரியாது என்றார். பொய் சொல்லாததால் அவரை எனக்குப் பிடித்தது.

விடியுமுன் நான் போனால் ரோஜா பார்த்துக்கொள்வாள் என்று நான் சொல்ல மாட்டேன், அவளும் பிள்ளை. மஞ்சுஷாவுக்கு விவரம் தெரியும், அவள் ஒரு நடை வந்து பார்ப்பாள். அதுவும் சரியாக வராவிட்டால் அப்போது நானே உனக்கு எழுதச் சொல்வேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் என் தங்கச்சி மகன் என்று சொல்வேன். அதற்கு மேல் கேட்பவர்கள் வீட்டு வாசலையும் நான்தான் கூட்டுகிறேன்.

காமாக்ஷி கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் வர மாட்டோம். நீ கேட்காமலே சொல்கிறேன், உனக்குச் சங்கடம் வேண்டாம். அவளுக்கு என் ஆசீர்வாதம். இதை உன் மேல் வருத்தமாக எழுதச் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

28ஆம் தேதி சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வா. எர்ணாகுளத்தில் இறங்கித் தோப்பும்படி வழியாக வரும் மட்டாஞ்சேரி பஸ்ஸில் ஏறு. ஸ்டாண்டில் நாங்கள் நிற்போம். ரோஜா எழுதிய அந்தக் கடிதத்தை வார்டனைக் கொடுக்கச் சொல்ல வேண்டாம், அவள் நேரில் சொல்லிக்கொள்வாள். அவன் துணிமணியும் புத்தகமும் கொண்டு வா. பேர் எழுதிய தட்டை அங்கேயே விட்டுவிடு. இங்கே இரண்டு தட்டு இருக்கிறது, மூன்று பேர் ஆவோம், யார் சாப்பிட்டு முடிக்கிறார்களோ அந்தத் தட்டில் அடுத்தவர் சாப்பிட வேண்டியதுதான்.

நான்தான் சொன்னேன் என்று எப்படி நம்புவது என்று கேட்டாய். உன் தொழில் முறைப்படியே செய்திருக்கிறேன். செல்லப்பா அண்ணாச்சியை ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறேன், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கார்ப்பரேஷன் மஸ்டர் நோட்டில் தினமும் வைக்கிற விரலைத் தாளுக்குத் தாள் வைத்திருக்கிறேன்.

மேலே கண்டதை எழுதியவள் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது எல்லாம் இருக்கிறது. சொல்லாதது ஒரே ஒரு வரி, அது சாயாவைப் பற்றி. அதுவும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாயம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை

சாட்சி: செல்லப்பா

எழுதியது: ரோஜா